க்யூவில் ஐட்டம் இருக்கும்போதே டைம்அவுட் வருவது ஏன்?

#1 நூலிழை

பைத்தான் 3.11, லினக்ஸ். ஒரு ப்ராசஸ் கேமராவிலிருந்து ஃப்ரேம் எடுத்து மல்டிப்ராசஸிங் க்யூவில் போடுகிறது. நான்கு வொர்க்கர் ப்ராசஸ்கள் அதை எடுத்து அலசுகின்றன. ஃப்ரேம் 1920×1080, மூன்று சேனல், நம்பை அரே. வொர்க்கரில் கெட் (க்யூவிலிருந்து ஐட்டம் எடுக்கும்) அழைப்புக்கு டைம்அவுட் 0.05 விநாடி. எம்ப்டி எக்ஸெப்ஷன் வந்தால் "வேலை தீர்ந்தது" என்று லூப்பை விட்டு வெளியேறும்படி கோட்.

மூன்று விஷயம் இடிக்கிறது. க்யூசைஸ் 7, 8 என்று காட்டும்போதே எம்ப்டி வருகிறது. சில கெட் அழைப்புகள் 50 மில்லிசெகண்டில் திரும்பாமல் 200, 300 வரை இழுக்கின்றன. ஒரு வொர்க்கரைக் கில் செய்தால், சில சமயம் மற்ற மூன்றும் எம்ப்டி வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன. புதிதாக ஒன்றைக் கிளப்பினாலும் அதுவும் அப்படியே போய்விடுகிறது.

டைம்அவுட்டை 1 விநாடி ஆக்கினால் முதல் சிக்கல் குறைகிறது, ஒழியவில்லை. இது லைப்ரரியின் பக்-ஆ, இல்லை டைம்அவுட்டுக்கு அர்த்தமே வேறா?

#2 பூட்டுச்சாவி

பக் இல்லைங்க. மூன்றுக்கும் காரணம் ஒரே இடத்தில்தான் இருக்கு. மல்டிப்ராசஸிங் க்யூ என்பது உள்ளே ஒரு பைப், ஒரு ரீட் லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்க), ஒரு செமஃபோர் (இட எண்ணிக்கைக் கணக்கு), அப்புறம் போடுகிற ப்ராசஸில் ஓடும் ஃபீடர் த்ரெட் (ஐட்டத்தைப் பைப்பில் தள்ளுவது). அவ்வளவுதான்.

டைம்அவுட்டோடு கெட் அழைத்தால் நடப்பது இது. முதலில் கெடு நேரத்தைக் கணக்கிடும். பிறகு ரீட் லாக்கைக் கேட்கும், அதே டைம்அவுட்டோடு. லாக் கிடைக்கவில்லை என்றால் பைப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் எம்ப்டி. கிடைத்தால், மிச்ச நேரத்துக்குப் பைப்பில் ஏதாவது வருகிறதா என்று போல் (poll, எட்டிப் பார்த்தல்) செய்யும். ஒன்றும் வராவிட்டால் அப்போதும் எம்ப்டி. வந்தால் முழு மெசேஜையும் படிக்கும். படித்து முடித்து லாக்கை விட்ட பிறகுதான் பிக்கிளை (பைட்டுகளாக மடித்த பைத்தான் ஆப்ஜெக்ட்டை) பிரிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, கடைசி இரண்டு படிக்கும் டைம்அவுட் கிடையாது. பைப்பில் முதல் சில பைட் வந்ததுமே போல் "ஆம்" சொல்லிவிடும். அதன் பிறகு படிப்பது முழு மெசேஜும் வந்து சேரும்வரை நிற்கும். உங்கள் ஃப்ரேம் 1920×1080×3, அதாவது 62,20,800 பைட். லினக்ஸ் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். ஒரு ஃப்ரேம் கடக்க அந்தப் பைப் 95 தடவை நிரம்பிக் காலியாகணும். எழுதும் பக்கம் ஃபீடர் த்ரெட்டுக்கு ஜில் (GIL, ஒரு ப்ராசஸில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோட் ஓட்டவிடும் லாக்) கிடைக்காமல் திணறினால் 200, 300 மில்லிசெகண்ட் ஆவதில் ஆச்சரியமே இல்லை.

ஒரு வொர்க்கர் இப்படி லாக்கைப் பிடித்துக்கொண்டு 6 எம்பியை இழுத்துக்கொண்டிருக்கும்போது மற்ற மூன்றும் லாக் வாசலில் நிற்குது. 50 மில்லிசெகண்ட் தீர்ந்ததும் எம்ப்டி. க்யூ காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை, லாக் கிடைக்கலை என்று அர்த்தம். ஆனால் வருவது அதே எக்ஸெப்ஷன்தான்.

க்யூசைஸ் 7 காட்டுவதும் இதோடு சேர்ந்தது. புட் (க்யூவில் போடுவது) அழைத்த நொடியிலேயே செமஃபோர் எண்ணிக்கை மாறிவிடும். ஐட்டம் அப்போது இருப்பது அனுப்புகிற ப்ராசஸின் உள் பஃபரில். ஃபீடர் அதைப் பைப்பில் தள்ளுவது பிறகு. ஆக 7 என்றால் ஏழும் பைப்பில் எடுக்கத் தயாராக இருக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கில் சமாச்சாரம்: ரீட் லாக்கைக் கையில் வைத்திருந்த நேரத்தில் அந்த வொர்க்கர் செத்தால், லாக்கைத் திரும்பக் கொடுக்க ஆள் இல்லை. ப்ராசஸ் இறந்தால் தானாக விடுபடும் வகை லாக் இல்லை இது. டைம்அவுட் போட்டவர்களுக்கு எப்போதும் எம்ப்டி, போடாதவர்களுக்கு நிரந்தரத் தொங்கல். இதைவிட மோசம் ஒன்று இருக்கு: அனுப்புகிற ப்ராசஸ் பாதி மெசேஜ் எழுதிவிட்டுச் செத்தால், படிக்கிறவர் மீதிப் பாதிக்காகக் காத்துக்கிட்டே இருப்பார். பைப்பின் எழுதும் முனை வொர்க்கர்களிடமும் திறந்தே இருப்பதால் முடிவு அடையாளம்கூட வராது. டைம்அவுட் 0.05 என்று எழுதியிருந்தாலும் அந்த அழைப்பு திரும்பாது.

என்ன பண்ணலாம்: ஃப்ரேமை க்யூவில் அனுப்பாதீங்க. 3.8-லிருந்து ஷேர்டு மெமரி இருக்கு. எட்டோ பத்தோ ஃப்ரேம் பிடிக்கும் அளவுக்கு ஒரு ஷேர்டு பிளாக் எடுத்து, க்யூவில் ஸ்லாட் எண்ணை மட்டும் அனுப்புங்க. வேலை முடிந்ததும் வொர்க்கர் அந்த எண்ணை இன்னொரு க்யூவில் திருப்பிக் கொடுக்கட்டும். மெசேஜ் சில பத்து பைட்டுக்குச் சுருங்கும், லாக் மைக்ரோசெகண்டுகளில் கை மாறும். பிளாக்கை அன்லிங்க் செய்வது உருவாக்கிய ப்ராசஸ் மட்டும், ஒரே ஒரு தடவை.

எம்ப்டி வந்தால் வெளியேறும் அந்த வரியை முதலில் எடுங்க.

#3 நூலிழை

தெளிவாக இருக்கிறது, நன்றி. ஒரு சந்தேகம். வேலையில் பாதி ஓப்பன்சிவி (பட அலசல் லைப்ரரி), அது ஜில்லை விட்டுவிடும். அப்படியானால் ப்ராசஸை விட்டுச் சாதாரண த்ரெட், க்யூ மாட்யூல் என்று போனால் இந்தத் தலைவலி இருக்காதா?

#4 வைகைக்கரை

பெரும்பகுதி இருக்காது. த்ரெட் க்யூவில் பைப்பும் இல்லை, பிக்கிளும் இல்லை. ரெஃபரன்ஸ் மட்டும் கை மாறுகிறது. ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிடைக்கும் லாக்), அதன் மேல் மூன்று கண்டிஷன் (நிலை மாறும்வரை தூங்கவைத்து எழுப்புவது).

டைம்அவுட் கணக்கும் ஒழுங்கானது. கெடு = இப்போதைய மோனோடானிக் (பின்னோக்கிப் போகாத கடிகார) நேரம் + டைம்அவுட். க்யூ காலியாக இருக்கும்வரை லூப்: மிச்சத்தைக் கணக்கிடு, சுழியமோ அதற்குக் கீழோ என்றால் எம்ப்டி, இல்லையேல் மிச்ச நேரத்துக்குக் கண்டிஷனில் காத்திரு. எழுப்பிவிடப்பட்டும், அதற்குள் வேறு த்ரெட் ஐட்டத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால் முழு டைம்அவுட்டும் மறுபடி தொடங்காது, மிச்சம்தான் ஓடும். சொந்தமாகக் கண்டிஷன் வேரியபிள் வைத்து க்யூ எழுதுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெயிட் ஒவ்வொரு முறையும் முழு 5 விநாடி என்று கொடுத்துவிட்டு, நெரிசல் நேரத்தில் 40 விநாடி ஏன் ஆனது என்று தேடுவார்கள்.

ஆனால் மியூடெக்ஸை முதன்முதலில் பிடிப்பதற்கான நேரம் இந்தக் கெடுவில் சேராது. காத்திருந்து எழுந்தபின் அதைத் திரும்பப் பிடிக்கும் நேரத்துக்கும் உச்சவரம்பு இல்லை. சாதாரணமாக இது கண்ணில் படாத அளவு. ஜில்லைப் பிடித்துக்கொண்டு விடாத ஒரு சி எக்ஸ்டென்ஷன் ஓடினால், கண்ணில் படும்.

பழைய கோடைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பைத்தான் 2-ல் டைம்அவுட்டோடு காத்திருப்பது உண்மையான காத்திருப்பே இல்லை. ஒரு மில்லிசெகண்ட் தூங்கி, லாக்கைத் தட்டிப் பார்த்து, தூக்கத்தை இரட்டிப்பாக்கி, அதிகபட்சம் 50 மில்லிசெகண்ட் வரை போகும் போலிங். ஐட்டம் வந்தும் 50 மில்லிசெகண்ட் தாமதமாக எடுப்பது அதனால்தான். 3.2-லிருந்து லாக்கே டைம்அவுட் வாங்கும் என்பதால் அந்தக் கூத்து ஒழிந்தது. விண்டோஸில் டைம்அவுட் இல்லாத கெட் கண்ட்ரோல்-சி-க்கு மசியாது. அங்கே பெரிய டைம்அவுட் கொடுத்து லூப்பில் சுற்றுவது இன்றும் நடைமுறை.

#5 ஜாவாமாமா

ஜாவாவிலும் இதே கதைதான் தம்பி. பிளாக்கிங் க்யூவில் எடுக்க நான்கு வழி: ரிமூவ் எக்ஸெப்ஷன் எறியும், போல் உடனே நல் (null, வெறுமை) கொடுக்கும், டேக் வரும்வரை நிற்கும், நேரம் கொடுத்த போல் அந்த நேரம்வரை நின்று நல் கொடுக்கும். ஜாவா 5-லிருந்து, 2004 முதல் இப்படித்தான். நல் "கிடைக்கவில்லை" என்பதற்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால் க்யூவில் நல்லைப் போட முடியாது, நல்பாயிண்டர் எக்ஸெப்ஷன் வரும்.

அரே பிளாக்கிங் க்யூவின் சோர்ஸைத் திறந்தால் முதல் வேலையே லாக்கை இன்டரப்டிப்ளியாகப் பிடிப்பது. அதற்கு நேர வரம்பு இல்லை. பிறகுதான் அவெய்ட் நானோஸ் லூப். அது மிச்ச நானோசெகண்டைத் திருப்பிக் கொடுக்கும், அதையே மறுபடி ஊட்டுவார்கள். ஆகவே "10 மில்லிசெகண்டில் கண்டிப்பாகத் திரும்பும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். 10-க்கு முன் நல்லோடு திரும்பாது, அது மட்டும் உறுதி.

த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டரின் கீப்-அலைவ் என்பதும் இந்த போல்தான். வொர்க்கர் த்ரெட் அடுத்த வேலை கேட்கும்போது, ஆயுள் வரம்பு உள்ள த்ரெட் என்றால் கீப்-அலைவ் நேரத்தை போலுக்குக் கொடுக்கும், இல்லையென்றால் டேக். நல் வந்தால் த்ரெட் கலைந்து போகும். கேஷ்டு த்ரெட்பூலில் 60 விநாடி சும்மா இருந்த த்ரெட் காணாமல் போவது இதனால். நல் வாங்கியவர் வெளியேறுவது அங்கே சரி, ஏனென்றால் அடுத்த வேலை வந்தால் பூல் புதிய த்ரெட்டைக் கிளப்பிக்கொள்ளும். நூலிழையின் கோடில் வெளியேறியவருக்குப் பதில் ஆள் போட யாரும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

இன்டரப்டட் எக்ஸெப்ஷனைப் பிடித்து விழுங்குகிறவர்களைப் பற்றித் தனி இழையே போடலாம். பிடித்தால் த்ரெட்டின் இன்டரப்ட் கொடியைத் திரும்ப ஏற்றுங்கள், இல்லையேல் ஷட்டவுன்-நவ் அழைத்தாலும் லூப் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

#6 வெற்றுக்கை

இவ்வளவு எதற்கு? கன்ஸ்யூமரில் டைம்அவுட்டே வேண்டாம். பிளாக்கிங் கெட், முடிக்க சென்டினல் (வேலை முடிந்தது என்று சொல்லும் சிறப்பு ஐட்டம்). டைம்அவுட் வைத்து லூப்பில் நிறுத்தச் சொல்லும் கொடியைப் பார்க்கும் கோடைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. 10 மில்லிசெகண்ட் டைம்அவுட், 32 த்ரெட் என்றால் சும்மா இருக்கும் சர்வர் விநாடிக்கு 3,200 தடவை விழித்துக்கொள்கிறது. எதற்கு?

#7 வைகைக்கரை

நிறுத்துவதற்காக மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நேரமே வேலையின் பகுதியாக இருக்கும் இடங்கள் உண்டு. "500 வரிசை சேர்ந்தாலோ 2 விநாடி ஆனாலோ டேட்டாபேஸில் எழுது" என்ற பேட்ச் எழுத்தாளரை சென்டினல் வைத்து எப்படிச் செய்வீர்கள்?

அதில் எல்லோரும் செய்யும் தப்பு: ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கெட் டைம்அவுட் 2 என்று கொடுப்பது. ஐட்டங்கள் 1.9 விநாடிக்கு ஒன்றாகச் சொட்டினால் டைம்அவுட் ஒருமுறைகூட அடிக்காது. 500 சேர 950 விநாடி, கிட்டத்தட்ட 16 நிமிடம் ஆகும். முதலில் வந்த வரிசை அதுவரை மெமரியில் தூங்கும். கெடு ஒன்றுதான் இருக்க வேண்டும்:

முதல் = க்யூ.கெட்()
தொகுப்பு = [முதல்]
கெடு = மோனோடானிக்() + 2.0
தொகுப்பின் நீளம் 500-க்குக் குறைவாக உள்ளவரை:
    மிச்சம் = கெடு − மோனோடானிக்()
    மிச்சம் ≤ 0 என்றால் நிறுத்து
    க்யூ.கெட்(டைம்அவுட்=மிச்சம்) தருவதைச் சேர்; எம்ப்டி என்றால் நிறுத்து
எழுது(தொகுப்பு)

முதல் கெட்டுக்கு டைம்அவுட் இல்லை என்பதைப் பாருங்கள். எதுவும் வராத ராத்திரியில் 2 விநாடிக்கு ஒருமுறை வெறுந்தொகுப்போடு விழிக்க வேண்டியதில்லை. கெடு தொடங்குவது முதல் ஐட்டம் கைக்கு வந்த பிறகு.

#8 பூட்டுச்சாவி

#7-ல் ஒரு சிறு திருத்தம், அதுவும் ஒரு சூழலுக்கு மட்டும். சிலர் கெடுவை, ஐட்டம் க்யூவில் விழுந்த நேரத்திலிருந்து கணக்கிடுவாங்க. "எந்த வரிசையும் 2 விநாடிக்கு மேல் எழுதப்படாமல் இருக்கக் கூடாது" என்று ஒப்பந்தம் இருந்தால் அப்படித்தான் தோணும். அப்போ டேட்டாபேஸ் ஒரு அரை நிமிஷம் மந்தமானால் என்ன ஆகும்? க்யூவில் இருக்கிற எல்லாமே 2 விநாடி தாண்டியவை. மிச்சம் எடுத்தவுடனே நெகட்டிவ். தொகுப்பு ஒரே ஐட்டத்தோடு எழுதப்படும், அடுத்ததும் அப்படியே. 500-க்கு ஒரு இன்சர்ட் என்று இருந்தது ஒன்றுக்கு ஒரு இன்சர்ட் ஆகி, சுமை கூடிய நேரத்தில்தான் வேகம் தரைமட்டமாகும். அதிலிருந்து தானாக மீளவே மீளாது.

மிச்சம் சுழியத்துக்குக் கீழே போனாலும் நிறுத்தாதீங்க. கெட்-நோவெயிட்டுக்கு மாறி, ஏற்கெனவே கிடப்பதை 500 வரை அள்ளிவிட்டு அப்புறம் எழுதுங்க. கெடு முடிந்தால் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்; இருப்பதை எடுக்க எந்தத் தடையும் இல்லை.

வெற்றுக்கைக்கு: 10 மில்லிசெகண்ட் விஷயத்தில் உங்க கட்சிதான் நான். கொடியைப் பார்க்க மட்டும் என்றால் 1 விநாடி போதும். சர்வர் நிற்க ஒரு விநாடி கூடுதலாகும், யாரும் அழ மாட்டாங்க.

#9 சேனல்சேகர்

கோ (Go) மொழிப் பக்கத்திலிருந்து. இங்கே சேனலுக்கென்று (கோவின் க்யூ) டைம்அவுட் கிடையாது. செலெக்டில் (பலவற்றில் தயாரான ஒன்றை எடுப்பது) ஒரு கேஸ் சேனல், இன்னொரு கேஸ் டைம்.ஆஃப்டர். இரண்டும் ஒரே கணத்தில் தயாராக இருந்தால் செலெக்ட் ஏதோ ஒன்றை ரேண்டமாகத்தான் எடுக்கும், மேலே எழுதியதற்கு முன்னுரிமை என்று எதுவும் இல்லை. அதாவது ஐட்டம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே டைம்அவுட் கிளை ஓடலாம். அது முக்கியம் என்றால் டைம்அவுட் கிளைக்குள் டீஃபால்ட்டோடு ஒரு செலெக்ட் எழுதிக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட அதிகம் கடிப்பது லீக். ஒரு கோரூட்டினை (goroutine, கோவின் இலகு த்ரெட்) கிளப்பி, பஃபர் இல்லாத சேனலில் பதில் அனுப்பச் சொல்லி, இந்தப் பக்கம் 2 விநாடி காத்துவிட்டுப் போய்விடுகிறோம். அது மூன்றாவது விநாடியில் பதிலோடு வருகிறது. வாங்க ஆள் இல்லை. ப்ராசஸ் சாகும்வரை அந்த அனுப்பும் வரியிலேயே நிற்கும், அதன் ஸ்டாக்கும் அது பிடித்திருக்கும் எல்லாமும் சேர்ந்து. மருந்து ஓர் எழுத்து: சேனல் பஃபரை 1 ஆக்குங்கள். யாரும் வாங்காவிட்டாலும் பதிலைப் போட்டுவிட்டு அது போய்ச் சேரும். கூடவே கான்டெக்ஸ்ட்டைக் கொடுத்தால் வேலையையும் நடுவில் நிறுத்தலாம்.

டைம்.ஆஃப்டரை லூப்பில் எழுதுவது: கோ 1.23-க்கு முன் அந்த டைமர் அடிக்கும்வரை கார்பேஜ் கலெக்டர் தொடாது. விநாடிக்கு 20,000 மெசேஜ், டைம்அவுட் 30 விநாடி என்றால் எந்நேரமும் 6 லட்சம் டைமர் உயிரோடு. 1.23-லிருந்து கைவிடப்பட்ட டைமர் உடனே சேகரிக்கப்படும், ஆனால் கோ.மாட் கோப்பில் பதிப்பு வரி 1.23 அல்லது மேலே இருந்தால்தான் அந்தப் புது நடத்தை. கம்பைலரை மட்டும் ஏற்றிவிட்டு மெமரி ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் அந்த வரியைப் பாருங்கள்.

#10 தேனீ

பைத்தானின் அசிங்க்ஐஓவை (ஒரே த்ரெட்டில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டுவது) யாரும் தொடவில்லையே. அங்கே க்யூவின் கெட்டுக்கு டைம்அவுட் ஆர்க்யுமென்ட்டே இல்லை, வெளியே வெயிட்-ஃபார் போட்டுச் சுற்ற வேண்டும். டைம்அவுட் என்றால் உள்ளே இருக்கும் கெட்டை கேன்சல் செய்வது. க்யூவின் கெட் இதற்குத் தயாராகத்தான் எழுதப்பட்டிருக்கிறது: ஐட்டத்தை எடுப்பது கடைசி வரியில், நடுவில் கேன்சல் வந்தால் ஐட்டம் க்யூவிலேயே இருக்கும், காத்திருக்கும் அடுத்தவரை எழுப்பிவிடும்.

ஆபத்து, கெட்டையும் வேறு வேலையையும் ஒரே கோரூட்டினில் (coroutine, அவெய்ட்டில் நின்று தொடரும் ஃபங்ஷன்) எழுதி அதன் மேல் வெயிட்-ஃபார் போடும்போது. ஐட்டத்தை எடுத்தாயிற்று, அடுத்த அவெய்ட்டில் டைம்அவுட் அடித்தது. ஐட்டம் க்யூவிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. டைம்அவுட் சுற்றுவது கெட்டை மட்டும் இருக்கட்டும்.

3.12-ல் வெயிட்-ஃபார் உள்ளே மாற்றி எழுதப்பட்டது. தனி டாஸ்க் உருவாக்கிச் சுற்றும் பழைய முறை போய், 3.11-ல் வந்த அசிங்க்ஐஓ டைம்அவுட் பிளாக்கை வைத்து ஓடுகிறது. 3.11-ல் இருப்பவர்கள் நேரடியாக அந்த பிளாக்கையே பயன்படுத்தலாம். ரஸ்ட் மொழியில் டோக்கியோ லைப்ரரியின் எம்பிஎஸ்சி (பலர் போட, ஒருவர் எடுக்கும் சேனல்) ரிசீவ், கேன்சல் ஆனாலும் மெசேஜ் தொலையாது என்று ஆவணத்திலேயே உறுதி கொடுத்திருக்கிறார்கள். ரஸ்ட் ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ரிசீவ்-டைம்அவுட்டும் பிடிக்கும் எனக்கு: "நேரம் தீர்ந்தது" ஒரு பிழை, "அனுப்புகிறவர் யாரும் இல்லை" வேறொரு பிழை. நூலிழைக்கு இந்த இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

#11 டிக்டிக்

சுழியம் பற்றி. ஜாவா போலுக்கு 0 கொடுத்தால் உடனே திரும்பும். பைத்தான் க்யூவிலும் அப்படியே. ரெடிஸ் (மெமரியில் இயங்கும் டேட்டாபேஸ்) பிஎல்பாப்-க்கு (லிஸ்ட்டில் ஐட்டம் வரும்வரை காத்து எடுக்கும் கட்டளை) 0 என்றால் காலவரையின்றிக் காத்திரு! நெகட்டிவ் இன்னும் கூத்து: பைத்தான் த்ரெட் க்யூவில் −1 என்றால் வேல்யூ எரர், த்ரெட்டிங் லாக்கில் −1 என்றால் என்றென்றும், மல்டிப்ராசஸிங் லாக்கில் −1 என்றால் சுழியம், டாட்நெட்டின் ட்ரைடேக்கில் −1 என்றால் என்றென்றும். கான்ஃபிக் கோப்பில் "0 = வரம்பில்லை" என்று எழுதி அதை அப்படியே லைப்ரரிக்குத் தள்ளுகிறவர்கள் மொழிக்கு மொழி வேறு பக் வாங்குவார்கள்.

ஃப்ரீஆர்டாஸில் (சின்ன எம்பெடட் கருவிகளுக்கான ஓஎஸ்) இருப்பவர்களுக்கு இது இன்னும் வலிக்கும். க்யூ ரிசீவ் வாங்குவது மில்லிசெகண்ட் அல்ல, டிக். டிக் ரேட் 100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு டிக் 10 மில்லிசெகண்ட். 5 மில்லிசெகண்டை மேக்ரோ வழியாக டிக்காக மாற்றினால் முழு எண் வகுத்தலில் 0 வரும். காத்திருக்கும் என்று நினைத்த அழைப்பு காத்திருக்காமலே திரும்பும், டாஸ்க் பிளாக் ஆகாமல் சுற்றும், அதைவிடக் குறைந்த ப்ரையாரிட்டி டாஸ்க் ஒன்றும் ஓடாது. 1 டிக் கொடுத்தாலும் அழைத்தது டிக்கின் எந்தப் புள்ளியில் என்பதைப் பொறுத்து 0-க்கும் 10-க்கும் இடையே எவ்வளவும் ஆகலாம். குறைந்தது 10 மில்லிசெகண்ட் வேண்டுமென்றால் 2 டிக் கொடுங்கள்.

போர்ட்-மேக்ஸ்-டிலே என்றால் என்றென்றும் என்று எல்லோரும் நம்புகிறோம். டாஸ்க் சஸ்பெண்ட் கான்ஃபிகில் 1 ஆக இருந்தால்தான் அப்படி. இல்லையென்றால் அது வெறும் பெரிய எண். 16 பிட் டிக், 1000 ஹெர்ட்ஸ் என்றால் 65.5 விநாடியில் தீர்ந்துவிடும்.

#12 நள்ளிரவு_டெப்ளாய்

ரெடிஸ் பேச்சு வந்ததால். பிஎல்பாப் டைம்அவுட் 30, கிளையண்டின் சாக்கெட் டைம்அவுட் 5 என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். 5-வது விநாடியில் கிளையண்ட் எக்ஸெப்ஷன் எறிந்து கனெக்‌ஷனை மூடும். சர்வர் அதைக் கவனிப்பதற்குள் யாராவது புஷ் செய்தால், ஐட்டம் லிஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்டுச் செத்த சாக்கெட்டில் எழுதப்படும். போயே போச்சு. சாக்கெட் டைம்அவுட் எப்போதும் பிஎல்பாப் டைம்அவுட்டைவிடச் சில விநாடி அதிகமாக இருக்க வேண்டும். ஐட்டம் தொலையவே கூடாது என்றால் 6.2-ல் வந்த பிஎல்மூவ்: எடுக்கும்போதே வேறொரு லிஸ்ட்டில் ஒரு பிரதி நிற்கும், வேலை முடிந்ததும் அங்கிருந்து நீக்கலாம்.

போடுகிற பக்கம் இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. க்யூவின் அளவை வைத்துத்தான் அங்கே டைம்அவுட் பேச முடியும். 4 வொர்க்கர், ஒரு வேலைக்கு 50 மில்லிசெகண்ட் என்றால் விநாடிக்கு 80. க்யூ கொள்ளளவு 1000 என்றால் கடைசியில் நிற்பவர் 12.5 விநாடி காக்கணும். கேட்டவரின் டைம்அவுட் 5 விநாடி என்றால் 400-க்கு அப்பால் நிற்கும் எல்லாமே செத்த வேலைகள். யாரும் வாங்காத பதிலைத் தயாரிக்க வொர்க்கர்கள் உழைப்பார்கள். கொள்ளளவை 250 பக்கம் இறக்கி, புட்டுக்குச் சின்ன டைம்அவுட் கொடுத்து, ஃபுல் வந்தால் அங்கேயே "இப்போது முடியாது" என்று திருப்பி அனுப்புங்கள். ஃபுல் வந்ததும் அதே வேலையை உடனே மறுபடி புட் செய்யும் லூப் எழுதினால், அது இன்னும் நீளமான ஒரு க்யூதான், வெளியே தெரியாத க்யூ.

ஐட்டத்தோடு கெடு நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். வொர்க்கர் எடுத்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பது. தாண்டிவிட்டால் கீழே போட்டுவிட்டு அடுத்தது. ஒரே லினக்ஸ் மெஷினில் மோனோடானிக் நேரம் ப்ராசஸ்களுக்கிடையே ஒப்பிடத்தக்கது. மெஷின் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

#13 ஜாவாமாமா

கடிகாரம் பற்றி சி++ ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. பிதிரெட் (pthread, யுனிக்ஸ் வகை ஓஎஸ்களின் த்ரெட் லைப்ரரி) கண்டிஷனின் நேர வரம்புக் காத்திருப்பு, மாற்றிச் சொல்லாவிட்டால் சுவர்க் கடிகாரத்தை நம்பும். அழைத்த பிறகு யாரோ நேரத்தை ஒரு மணி பின்னே தள்ளினால் 5 விநாடி காத்திருப்பு ஒரு மணி 5 விநாடி ஆகும். ஸ்டெடி கிளாக் (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) கொடுத்தேனே என்பீர்கள். ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 2.30 வரும்வரை, அதாவது 2019 வரை, அதற்கான அடிப்படை அழைப்பே லினக்ஸில் இல்லை. லிப்எஸ்டிடிசி++ (ஜிசிசி கம்பைலரின் சி++ லைப்ரரி) அதைச் சுவர்க் கடிகாரமாக மாற்றித்தான் காத்திருந்தது. ஜிசிசி 10-லிருந்து சரி. பழைய டிஸ்ட்ரோவில் எம்பெடட் பெட்டி வைத்திருப்பவர்கள், பூட் ஆனதும் என்டிபி (நெட்வொர்க் வழி நேரத்தைச் சரிசெய்வது) நேரத்தைக் குதிக்க வைக்கும் அந்த முதல் நிமிடத்தைச் சோதித்துப் பாருங்கள்.

#14 நூலிழை

ஷேர்டு மெமரிக்கு மாற்றியாயிற்று. 12 ஸ்லாட், க்யூவில் எண் மட்டும். கெட் டைம்அவுட் 1 விநாடி, எம்ப்டி வந்தால் கொடியைப் பார்த்துவிட்டுத் தொடர்கிறது. எம்ப்டி இப்போது கேமரா நின்றால் மட்டும்தான் வருகிறது. வொர்க்கரை கில் செய்து பார்த்ததில் தொங்கல் இன்னும் வரவில்லை, ஆனால் #2 படித்த பிறகு நம்பிக்கை இல்லை. பைத்தான் 3.13-ல் க்யூவுக்கே ஷட்டவுன் வந்திருக்கிறதாமே, அதற்கு ஏறினால் கொடியும் சென்டினலும் வேண்டாமா?

#15 பூட்டுச்சாவி

நம்பாதது சரிதான். லாக் பிடித்திருக்கும் நேரம் சுருங்கியிருக்கு, பூஜ்யம் ஆகலை. கில் செய்யாமல், கொடி வைத்து அதுவாக வெளியேற விடுங்க. வொர்க்கர் தானாகவே கிராஷ் ஆகும் ரகம் என்றால் ஒருவருக்கு ஒரு பைப் என்று பிரித்துக் கொடுங்க. செத்தால் அந்த ஒரு பைப்பை மட்டும் தூக்கி எறியலாம். செத்தவர் கையில் இருந்த ஸ்லாட் எண்ணும் திரும்பி வராது என்பதை மறக்க வேண்டாம். எந்த ஸ்லாட் யாரிடம் என்று மெயின் ப்ராசஸில் ஒரு அட்டவணை வைத்து, வொர்க்கரின் எக்ஸிட்கோட் தெரிந்ததும் அந்த எண்ணை நீங்களே மீட்டெடுங்க. இல்லையென்றால் 12 கிராஷில் எல்லா ஸ்லாட்டும் தீர்ந்து, கேமரா பக்கம் தொங்கும்.

ஷட்டவுன் 3.13-ல் வந்தது த்ரெட் க்யூவுக்கும் அசிங்க்ஐஓ க்யூவுக்கும். சாதாரணமாக அழைத்தால் புட் உடனே மறுக்கப்படும், கெட் இருப்பதையெல்லாம் கொடுத்துத் தீர்த்த பிறகு ஷட்டவுன் எக்ஸெப்ஷன் எறியும். இம்மீடியட்டை ட்ரூ ஆக்கினால் மிச்சத்தைக் கொட்டிவிட்டு உடனே எறியும். காத்திருக்கிற எல்லாரும் அப்போதே விழிப்பாங்க, டைம்அவுட் வரை நிற்கத் தேவையில்லை. த்ரெட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம்.

மல்டிப்ராசஸிங் க்யூவுக்கு அது இல்லை. நீங்க ப்ராசஸிலேயே இருப்பதால் கொடியோடு 1 விநாடி டைம்அவுட், அல்லது வொர்க்கர் எண்ணிக்கைக்கு ஒன்றாக நான்கு சென்டினல். நான்கும் போட்டபின் மெயின் ப்ராசஸ் ஜாயின் (வொர்க்கர் முடியும்வரை காத்திருத்தல்) செய்வதற்கு முன்னால் ஸ்லாட் திரும்பி வரும் க்யூவைக் காலி செய்யுங்க. அதில் எதையாவது போட்டுவிட்டு வொர்க்கரின் ஃபீடர் இன்னும் பைப்பில் தள்ளி முடிக்காமல் இருந்தால், அந்த வொர்க்கர் வெளியேறாது, ஜாயினும் திரும்பாது.